ஒன்றாம் நம்பர் பெட்டி

முதலில் ஏறுவது முதலில் இறங்கும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். வருடக்கணக்காக டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. ஏறிய ஆள் நெருக்கித் தள்ளிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து முன்படியில் இறங்கிவிடுவார். சாமான் ஏற்றும் வண்டிக்குப் பின்பக்கம் மட்டும்தான் கதவு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வந்துவிட்டால் நான் ஏன் இப்படி இருக்கப்போகிறேன்?

செல்லூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர். அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்தது. ஆடிக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும், மாடி தேவைப்படுகிறது என்றார். நியாயம்தான். ஆனால் புதுப்பெண் ஆடியில் தாய்வீட்டுக்கு வரலாம், நாங்கள் ஆடியில் வீடு மாறக்கூடாது. ஆனியே ஆகாது என்பவர்களும் உண்டு. வாடகை வீட்டுக்கு அவ்வளவெல்லாம் பார்க்க வேண்டாம் என்று என் மனைவி பெரிய மனது பண்ணினாள். ஜோசியர் குறித்துக் கொடுத்தது ஆனியின் கடைசி நாள். பரவையில் பார்த்து வைத்திருந்த வீட்டில் காலை ஒன்பது மணிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். அதை விட்டால் ஆவணிதான்.

பால் விஷயத்தில் மட்டும் அவள் மனது பெரிதாகாது. செல்லூர் வீட்டுக்குக் குடி வந்த அன்று காய்ச்சிய பால் பொங்கவில்லை, திரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் என்ன நடந்தாலும் காரணம் அந்தப் பால்தான். மோட்டார் எரிந்ததற்கு, மிக்ஸி புகைந்ததற்கு, என் தலைமுடி கொட்டியதற்கு. எங்கள் பரம்பரையே வழுக்கைதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதெல்லாம் இல்லங்க. அன்னைக்குப் பால் ஒழுங்காப் பொங்கியிருந்தா இம்புட்டு கொட்டியிருக்காது.”

ஆகவே இந்த முறை திட்டம் போட்டுச் செய்வது என்று முடிவெடுத்தேன். மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய அட்டைப்பெட்டிகளுக்கு எல்லாம் பட்டை மார்க்கரால் நம்பர் எழுதினேன். எது முக்கியமோ அதற்கு முதல் நம்பர். ஒன்றாம் நம்பர் பெட்டியில் கேஸ் அடுப்பு, லைட்டர், பால் காய்ச்சப் புதுப் பாத்திரம், குத்துவிளக்கு. ஆபீசில் எனக்குக் கொடுத்த கேடயங்கள் இருந்த பெட்டிக்குத்தான் கடைசி நம்பர். அந்த நம்பரை எழுதியது என் மனைவி.

அவளுடைய அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே ஒத்தாசைக்கு வந்திருந்தார். வந்தவர் பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்ன மாப்ள, பெட்டிக்குப் பெட்டி நம்பரு? ஜல்லிக்கட்டுல மாடு பிடிக்கவா அனுப்புறீங்க?”

“இதுதான் மச்சான் பிளான். பாருங்க, எப்படிப் போகுதுன்னு.”

“பாக்கத்தானே வந்திருக்கேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆனி கடைசி என்பதால் மதுரையில் பாதி ஜனம் அன்று வீடு மாறிக்கொண்டிருந்தது. குட்டியானை என்று நாங்கள் சொல்லும் அந்தச் சின்ன லோடு வண்டி கிடைப்பது நிஜ யானை கிடைப்பதைவிடக் கஷ்டம். எனக்குக் கிடைத்தது. மழை வந்தாலும் வரும் என்று மூடின கூண்டு வைத்த வண்டியாகக் கேட்டு வாங்கினேன், அதுவும் என் பிளான். விடியும்போதே வருகிறேன் என்ற டிரைவர் விடிந்த பிறகும் வரவில்லை. போன் போட்டேன்.

“இந்தா, வாசல்லதாண்ணே நிக்கிறேன்.”

எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு பசுமாடு நின்றது. மறுபடி போன். மறுபடி “வாசல்லதாண்ணே.”

“எந்த வாசல்லப்பா? கோயில் வாசல்லயா?”

ஒருவழியாக வந்து சேர்ந்தார். நான் டிராஃபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டி, “ஒண்ணாம் நம்பர் மொதல்ல!” என்று கத்தினேன். அது போய் டிரைவர் சீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தது. அதன் பின்னால் ரெண்டு, மூணு. பிறகு பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், கிரைண்டர். கடைசியாக என் கேடயங்கள். மனைவி சாமி படம், உப்பு, மஞ்சள், இரண்டு பாக்கெட் பாலோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மச்சானைப் பின்னால் உட்காரவைத்து நான் பைக்கில் கிளம்பினேன்.

திண்டுக்கல் ரோட்டில் வண்டிக்குப் பின்னாலேயே போகும்போதுதான், கூண்டுக் கதவின் இடுக்கு வழியாகக் கடைசி நம்பர் பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே வருவதைக் கவனித்தேன்.

“மச்சான், ஒண்ணாம் நம்பர் எங்க இருக்கு?”

“டிரைவர் முதுகுக்குப் பின்னாடி.”

“அதைத்தானே மொதல்ல எறக்கணும்?”

“எறக்கலாம் மாப்ள. மத்தது அம்புட்டையும் எறக்கிட்டா அடுத்து அதுதான்.”

பரவை வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. அதிகாலையிலேயே காலி செய்துவிடுவதாகச் சொல்லியிருந்த பழைய குடித்தனம் அப்படியே இருந்தது. மூட்டை, கட்டில், வாளி எல்லாம் கூடத்தில். ஓர் அம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. வண்டிக்காரன் இன்னும் வரல. எங்க வீட்டுக்காரரு அவனத் தேடித்தான் மெயின் ரோட்டுக்குப் போயிருக்காரு.”

மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! “யாரும்மா அந்த வண்டிக்காரன்? ரெண்டு குடும்பத்தை இப்படி நடுத்தெருவுல நிறுத்துறவன் உருப்படுவானா?”

எங்கள் டிரைவரும் வருத்தமாகத் தலையாட்டினார். “ரொம்ப மோசம்ணே.” அப்போது அவர் போன் அடித்தது. எடுத்தார். “இந்தா, வாசல்லதாண்ணே நிக்கிறேன்.”

தெருமுனையில் ஒருவர் காதில் போனோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். “எந்த வாசல்லடா?” என்று அவர் கத்தியது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

“உங்க வாசல்லதாண்ணே!” என்றார் டிரைவர். அன்று காலையில் அவர் பேசிய முதல் உண்மை. எங்கள் பக்கம் திரும்பி, “உங்களை எறக்கிட்டு அவுகளை ஏத்திட்டுப் போகலாம்னுதான் ரெண்டு வாடகையையும் புடிச்சேன். எனக்கு ஒரே வாசல்ணே” என்று விளக்கம் வேறு.

எல்லாவற்றையும் இறக்கி ஒன்றாம் நம்பருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது ஓடிவிடும். நான் கூண்டுக்குள் பாய்ந்தேன். கேடயங்களைத் தாண்டி, கிரைண்டர்மேல் ஏறி, பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் புகுந்தேன். தலை போனது, தோள் போனது. தொப்பை போகவில்லை. பின்னால் வரவும் இல்லை. அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தையை இருட்டில் காதால் கேட்டதுதான்.

“அக்கா, உங்க அடுப்பைக் கட்டியாச்சா?” இது என் மனைவி.

“எங்கம்மா! அதைக் கடைசியாத்தான் கட்டுவேன். போன எடத்துல மொதல்ல அதானே வேணும்?”

“அதுல ஒரு கால்படி பால் காய்ச்சிக்கிறட்டுமாக்கா? ஒம்பது மணியோட நேரம் முடியுது.”

“எனக்கும் போற வீட்டுல சாயங்காலம் நேரம் குறிச்சிருக்கும்மா. இதே அடுப்புதான். இங்கயே பொங்கிருச்சுன்னா, அங்க போயி பொங்குமா?”

“அடுப்பாக்கா பொங்குது? பால்தானே பொங்குது. எங்கிட்ட ரெண்டு பாக்கெட் இருக்கு. ஒண்ணு நீங்க எடுத்துட்டுப் போங்க.”

“பாலு திரியாதுல்ல?”

பால் பாக்கெட் கசங்கும் சத்தம் கேட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மூச்சு விட இடமும் இல்லை.

“காலையில வாங்குனதுக்கா” என்றாள் கடைசியில். அத்தனை சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

“சரி, வாம்மா உள்ள.”

யாரோ என் கால்கள் இரண்டையும் பிடித்தார்கள். “வெளிய வாரீங்களா மாப்ள, இல்ல உங்களுக்கும் ஒரு நம்பர் போட்டுறவா?” மச்சான் இழுத்த இழுப்பில் ஒரு சட்டைப் பொத்தான் போனது, நான் வந்துவிட்டேன்.

சமையற்கட்டில் அவர்களுடைய அரிசி மூட்டைமேல் எங்கள் சாமி படம் இருந்தது. அவர்களுடைய அடுப்பில் அவர்களுடைய பாத்திரம். இரண்டு குடும்பமும் டிரைவரும் சுற்றி நின்றோம். பால் அசையவே இல்லை. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நுரையா, திரிசலா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

நுரைதான். சரசரவென்று ஏறி, விளிம்பைத் தாண்டி, வழிந்து தீயையும் அணைத்தது. அந்த அம்மா குலவை போட்டார். என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குச் சீனி தூக்கலாண்ணே” என்றார் டிரைவர்.

அடுப்பெல்லாம் பால். கட்டி ஏற்ற வேண்டிய அடுப்பு. அந்த அம்மா ஒரு ஈரத்துணியை என்னிடம் நீட்டினார், துடைத்துக் கொடுத்தேன். வீடு மாறியதில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

சாயங்காலம் அவர் என் மனைவிக்குப் போன் பண்ணினார். அங்கேயும் பொங்கிவிட்டதாம். அப்போது நான் ஒன்றாம் நம்பர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பு இருந்தது, லைட்டர் இருந்தது. சிலிண்டரில் மாட்டுகிற ரெகுலேட்டர் செல்லூரில் இருந்தது.