தீபாவளிக்கும் கவுண்டர் திறந்திருக்கும்

சிங்கப்பூர் தேக்காவில் மின்சாமான் கடையின் ரிப்பேர் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு முதல் தகுதி, தான் கெடுக்காத ரைஸ் குக்கருக்குத் தான் திட்டு வாங்குவது. என்னைப்போல் கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கடையில் சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகிறது என்று தெரிந்ததும், முன்னேறுவது எப்படி என்று போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். சம்பளத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சுவா சூ காங் பக்கம் ஒரு வீட்டில் தனி ஆளாக இருக்கிறேன். வீட்டுக்குப் போனால் பேச்சுத் துணைக்கு ஈ காக்கா கிடையாது. சூப்பர்வைசர் ஆனால் நாலு பேர் நம்மைத் தேடி வருவார்களே என்ற ஆசைதான்.

சீக்கிரம் வா

"எல்லாருக்கும் முன்னால் வேலைக்கு வந்துவிடுங்கள்" என்றது முதல் வீடியோ. வந்தேன். ஷட்டர் சாவியோ மேனேஜரிடம். அவர் வருவதோ கடைசியில். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பேன். எதிர்ச்சாரிப் பூக்கடைக்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் கேட்டேவிட்டார்: "ஏண்ணே, வீட்டுல சண்டையா?"

வம்பு பேசாதே

சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டாமா? போகட்டும்.

கூட வேலை பார்க்கும் ரஹீமாவும் சூ லின்னும் மத்தியானம் உணவங்காடிக்குப் போய், டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்து எனக்கும் ஓர் இடம் பிடிப்பார்கள். அங்கே மேனேஜர் தலைதான் உருளும். "வம்புப் பேச்சில் சேராதீர்கள்" என்றது அடுத்த வீடியோ. எனவே, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கவுண்டரிலேயே காய்ந்த ரொட்டியைக் கடித்தேன்.

நாக்கு செத்துப்போய் ஒருநாள் பிரியாணி சாப்பிடக் கிளம்பினேன். அவர்கள் மேசையில் வேறு யாரோ இருவர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டோடு நின்ற என்னைப் பார்த்து ரஹீமா பதறினாள். "ஐயோ அண்ணே, நீங்கதான் வரமாட்டீங்களேன்னு உங்க இடத்தைப் பிடிக்கறதை விட்டுட்டோம் லா!"

லீவு கேட்காதே

எங்கள் கடையில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. சீனப் புத்தாண்டுக்கு சூ லின்னுக்காக நாங்கள் நிற்போம், நோன்புப் பெருநாளுக்கு ரஹீமாவுக்காக, தீபாவளிக்கு எனக்காக அவர்கள் இருவரும். இந்த முறை நான், "எனக்கு லீவு வேண்டாம், நீங்க வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தீபாவளியன்று வெளியே எல்லாரும் புதுத்துணியில். நான் கம்பெனி டீ-ஷர்ட்டில். சட்னி அரைக்கும்போது நின்றுபோன மிக்சியைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். அவர் மிக்சியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா இங்க உக்காந்திருக்கீங்களே தம்பி, உங்களை யாரும் வீட்டுக்குக் கூப்பிடலையா?"

முன்னேறிவிட்டேன்

வேலை எனக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டின் விழா நாட்களில் யார் வருவது, யாருக்கு லீவு என்று பட்டியல் போடுவதுதான் முதல் வேலை. நான் ஆசைப்பட்டபடியே தேடி வந்தார்கள். சூ லின் புத்தாண்டைக் கேட்டாள், ரஹீமா பெருநாளைக் கேட்டாள். "தீபாவளிக்கு..." என்று நான் வாயெடுத்தேன். ரஹீமா சந்தோஷமாக முந்திக்கொண்டாள்: "நீங்கதான் லீவு எடுக்க மாட்டீங்களே, அண்ணே, அன்னைக்கும் எங்களுக்கே லீவு போட்டுடுங்க!"

இப்போது ஷட்டர் சாவி என்னிடம்தான் இருக்கிறது, காலையில் தெருவில் தனியாக நிற்க வேண்டியதில்லை, கடைக்குள்ளேயே தனியாக உட்காரலாம்.