நான்கு கைகள் எண்ணெய் வார்த்த குழல்

பொறுமை அரிய குணம். உறவினரிடத்தில் அது பேரரிய குணம். மரப் புல்லாங்குழல் செப்பனிடும் அந்த அண்ணனிடம் அது நிறையவே உண்டு. தங்கை வீட்டார் பட்டறை வாசலில் வந்து நின்றால் மட்டும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும்.

அன்று தங்கை, அவள் கணவர், மாமியார் என மூவரும் சேர்ந்தே வந்தனர். மறுநாள் காலை வானொலி நிலையத்தில் தங்கைக்குக் குழல் வாசிப்புத் தேர்வு. ஆறு ஆண்டுகள் விண்ணப்பித்துக் கிடைத்த அழைப்பு. குழலோ சளி பிடித்த தொண்டையாய் முனகியது. அதன் இரு துண்டுகளும் இறுகிப்போய்க் கழல மறுத்தன.

குழலைத் தொட்டதுமே அவர் விரல்கள் வழுக்கின.

"இதுக்கு யாரு எண்ணெய் போட்டது?"

"நான்தான் மச்சான். ஞாயித்துக்கிழமை தவறாம போடுவேன். பெட்டியில நீங்க ஒட்டின சீட்டுல 'புதுக் குழலுக்கு வாரம் ஒரு தடவை'ன்னு இருக்கே."

"நீங்களுமா?" என்றாள் தங்கை. "நான் செவ்வாய்க்கிழமை போடுறேன்."

மாமியார் பெருமூச்செறிந்தார். "ரெண்டு பேருக்கும் மறதின்னு, வெள்ளிக்கிழமை நான் போட்டுடுவேன் தம்பி."

"இது குழலா, கதவுக் கீலாம்மா?"

தலையில் அடித்துக்கொள்ள உயர்ந்த கை, எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டு பாதியில் நின்றது.

"இழுத்துத் திருகட்டுமா மச்சான்?"

"திருகினா பிளந்துடும். நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க மாப்பிள்ளை. கையைக் கட்டிக்கிட்டு."

மயிரிழை மயிரிழையாக அசைத்து அவர் துண்டுகளைப் பிரிக்க நண்பகலாயிற்று. பொருத்தில் சுற்றிய நூல் எண்ணெயில் ஊறிப் பருத்திருந்தது. அதை அறுத்தெறிந்து புதுநூல் சுற்றினார். கோலில் துணி சுற்றி உட்துளையைத் துடைத்தார். ஆறு துணிகள் கறுத்தன. ஒவ்வொரு துணிக்கும் ஒரு வசவு. மூவரும் தலைகுனிந்து கேட்டனர்.

ஏழாவது துணியின்போது தங்கை மெல்ல வாய் திறந்தாள். "அண்ணா, கோவிச்சுக்காதே. வீட்டுக்கு வரும்போதெல்லாம் 'காஞ்சு கிடக்கே'ன்னு நீயும் நாலு சொட்டு விடுவியே."

அதன்பின் பட்டறையில் வசவு கேட்கவில்லை.

தங்கை ஊதிப் பார்த்தாள். அடைப்பின்றித் தெளிந்த சுரம் எழுந்தது. அவர் பழைய சீட்டைக் கிழித்து, 'வாசிப்பவர் மட்டுமே எண்ணெய் இடுக' என்று புதிதாக எழுதினார்.

"'அண்ணனும் தொடக் கூடாது'ன்னு சேத்துக்கோங்க தம்பி," என்றார் மாமியார். பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் அதையும் எழுதினார்.

மறுநாள் தங்கை தேர்வானாள்.

அவர் மனையில் விளக்குக்கு எண்ணெய் என்றும் குறையாதிருக்க; குழலுக்கு எண்ணெய் என்றும் மிகாதிருக்க; சுற்றம் சூழ அக்குடி நீடு வாழ்க.