சின்ன வட்டு கேட்ட ஆணி

தாண்டவராயன் அண்ணனைப் பற்றி எங்கள் மரவாடியில் ஒரு பேச்சு உண்டு. ‘பேய்க்குப் பயந்த பட்டாளத்தான்’ என்பார்கள். டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். மனிதர் செத்த பிறகும் விடவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக்கூட ஒரு வாரத்துக்குள் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிடும். அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அவர் தங்கை தனம் அக்கா இருந்த வரைக்கும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. போன தை மாதம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொல்லலாம்.

எங்கள் மரவாடி கடலூர் முதுநகரில், கலியபெருமாள் முதலாளியுடையது. நான் அங்கே ரம்பம் ஓட்டும் மிஸ்திரி, பெயர் கொளஞ்சி. சக்கரத்தில் ஓடும் பட்டை ரம்பம் அது. மரத்துக்குள் ஓர் ஆணி இருந்தால் போதும், பட்டை அறுந்து சாட்டை மாதிரி வீசும். எங்களோடு வேலை பார்த்த சடையப்பன் அப்படித்தான் செத்தான். என்றைக்கோ வேலிக்கம்பிக்காக அடித்த ஆணி, மேலே மரப்பட்டை மூடிப்போய் வேப்பமரத்துக்குள் கிடந்திருக்கிறது. அதன் பிறகு ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்று எல்லாரும் ஒதுங்கிவிட்டோம். முதலாளி மதராசுக்குப் போய், பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். இரும்பு எங்கே இருந்தாலும் காதுக்குச் சத்தம் கொடுக்கும் என்றார். வாங்கி வந்து வைத்தாரே தவிர, அதை எப்படித் தோளில் மாட்டுவது என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்காகத் தேடிப் பிடித்த ஆள்தான் தாண்டவராயன்.

குமராட்சிப் பக்கத்து ஆள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, இத்தாலியில் வெடி எடுக்கும் வேலை பார்த்தவர். அந்த ஊரில் எதிரிகள் வேண்டுமென்றே மண்ணில் ஆணியும் தகரமும் தூவி வைப்பார்களாம். கருவி கத்துவதையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், தோண்டாமல் விட்டால் கால் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. ஓர் இடத்தில் உட்காருவதற்கு முன்னால் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பார். ஊருக்குத் திரும்பி இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை. இரண்டாம் ரம்பத்து மணவாளனுக்கு வாய் அதிகம். “இன்னாண்ணே, கோழி முட்ட கிட்ட இருக்குதான்னு பாக்கிறியா?” என்று கேட்டான். “உக்காந்தப்புறம் பாத்து இன்னா பண்றது?” என்றார் அண்ணன்.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகில் பெட்டி, காதில் ஹெட்போன், கையில் நீளக் கம்பு. கம்பின் நுனியில் ஒரு வட்டு. அதற்குள் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தச் சுற்றுதான் இரும்பைக் கண்டுபிடிப்பது. ஏலத்தில் வந்தது முறம் அகலத்துக்குப் பெரிய வட்டு. அது மரத்தின் ஆழத்தில் கிடக்கும் இரும்பையும் எட்டிப் பிடிக்கும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நாலு ஆணி இருந்தால் ஒரே சத்தமாகத்தான் கொடுக்கும். அண்ணன் சிதம்பரத்துக்குப் போய், ரேடியோ ரிப்பேர் செய்யும் ஞானசேகரனிடம் உட்கார்ந்து, அப்பளம் அகலத்துக்கு இன்னொரு வட்டைச் சுற்றி வாங்கி வந்தார். அது மேலாக இருப்பதைத்தான் கேட்கும். ஆனால் இந்த ஆணி, அந்த ஆணி என்று விரல் வைத்துக் காட்டிவிடும்.

இரண்டு வட்டுக்கும் முதலாளியோடு தினம் தகராறு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் கருவியை மறுபடி சுருதி சேர்க்க நேரம் பிடிக்கும், பேட்டரியும் இறங்கும். பெரிய வட்டால் ஒரு தடவு தடவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போ என்பது அவர் கட்சி. அண்ணன் லாரிக்காரனிடம் கேட்கும் முதல் கேள்வி, மரம் எங்கே நின்றது என்பதுதான். தோப்பு மரம் என்றால் பெரிய வட்டு மட்டும். வீட்டுக் கொல்லை மரம் என்றால், துணிக்கொடி கட்ட அடித்த சின்ன ஆணிகள் இருக்கும், பெரிசுக்குப் பின் சின்னதையும் மாட்டுவார். அவர் இருந்த காலத்தில் ஒரு ரம்பப் பட்டைகூட ஆணியில் பட்டு அறுந்ததில்லை.

அறுபத்தாறில் அடித்த புயலில் கடற்கரையிலிருந்து கொள்ளிடம் வரை மரங்கள் சாய்ந்தன. முதலாளி லாரி லாரியாக வாங்கிப் போட்டார். குமராட்சிப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்றில் பெரிய புளியமரத்தின் அடிமரம் இருந்தது. இறக்கும்போதே அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அவர் ஊர் எல்லையில் நின்ற மரம். சுற்று வட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்குப் பேய் பிடித்தாலும் பூசாரி அங்கேதான் கூட்டிப் போவார். உச்சி மயிரில் ஒரு கற்றையைப் பிடித்து மரத்தோடு வைத்து ஆணி அடிப்பார். பிறகு பெண்ணைப் பிடித்து இழுப்பார்கள். மயிர் வேரோடு பிய்ந்து வரும். பேய் மரத்தோடு நின்றுவிடும் என்பது நம்பிக்கை. எந்தக் காலத்து ஆணியெல்லாமோ அதில் இருந்தன. மரம் பருக்கப் பருக்கப் பழையதை உள்ளே விழுங்கிக்கொண்டது.

அதில் ஓர் ஆணி தனம் அக்காவுடையது. ஸ்ரீமுஷ்ணத்தில் வாழ்க்கைப்பட்டவர். முதல் பிள்ளை கைக்குழந்தையாக ஜுரத்தில் போய்விட்டது. அக்காவுக்கு அழுகை நிற்கவில்லை. இருந்தாற்போலிருந்து சிரிப்பார், வெறும் தூளியை ஆட்டிக்கொண்டே இருப்பார். பேய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அண்ணன் அப்போது இத்தாலியில். திரும்பி வந்தபோது தங்கை பிறந்த வீட்டில் இருந்தார், உச்சந்தலையில் காசு அகலத்துக்கு முடியில்லை. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். அண்ணன் ஆத்திரத்தில் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு மரத்துக்குக் கிளம்பினாராம். அக்கா வாசலில் விழுந்து காலைக் கட்டிக்கொண்டாராம். அந்த ஆணி இருப்பதால்தான் சோறு தின்கிறேன், தூங்குகிறேன், அதைத் தொடாதே என்று அழுதாராம். அண்ணனுக்குப் பேயில் நம்பிக்கை துளியும் கிடையாது. ஆனாலும் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மரவாடியில் வேலை கிடைத்ததும் தங்கையைக் கூட்டிவந்து செம்மண்டலத்தில் ஒரு வீடு பிடித்து இருந்தார்.

மரம் விழுந்த சேதியை ஊரிலிருந்து வந்த யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. உச்சந்தலையில் வைத்த கையை எடுக்கவே இல்லை என்று அண்ணன் என்னிடம் சொன்னார். தூளி ஆட்டுகிற மாதிரி இன்னொரு கை ஆடவும் ஆரம்பித்துவிட்டதாம். ஒரு மத்தியானம் அக்கா செம்மண்டலத்திலிருந்து நடந்தே மரவாடிக்கு வந்துவிட்டார். காலில் செருப்பில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கட்டைகளைப் பார்த்தார்.

“அண்ணே, என்னுது எங்க இருக்குது? வெளிய வந்துட்டுதா?”

“இல்லம்மா. உள்ளதான் இருக்குது.”

“நீ பாத்தியா?”

அண்ணன் தன் செருப்பைக் கழற்றி அவர் காலருகே வைத்தார்.

முதலாளிக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. இத்தனை இரும்பு உள்ள கட்டையை எவன் அறுப்பான், செங்கல் சூளைக்கு விறகாகப் போகட்டும் என்று விலை பேசிவிட்டார். எரித்தால் ஆணி சாம்பலில் உதிர்ந்துவிடும். அக்காவுக்கு அது பேயைக் கட்டவிழ்த்து விட்ட மாதிரி. அண்ணன் போய், அந்தக் கட்டையில் தேடிப் பார்க்கிறேன் என்று கேட்டார். சூளைக்காரன் வண்டி வெள்ளிக்கிழமை வரும், அதுவரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், பேட்டரியை மட்டும் தீர்த்துவிடாதே என்றார் முதலாளி.

முதலில் பெரிய வட்டை வைத்தார். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். அடிமுதல் நுனிவரை நிறுத்தாமல் ஒரே ஊளை. சின்ன வட்டை மாட்டினால் மேலாக இருப்பவை தனித்தனியாகக் கேட்டன, ஆழத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் ஆணி இருபது வருஷத்துக்கும் மேல் பழசு. சின்னதுக்கு அது எட்டாது. பெரிசுக்கு எட்டும், ஆனால் மற்றதன் இரைச்சலில் மூழ்கிவிடும். “பெரிசு வச்சா ஊரே கத்துறது கேக்குது, யாரு கத்துறான்னு தெரியல. சின்னதுக்குப் பக்கத்து ஊடு மட்டுந்தான் கேக்குது” என்றார். 

எப்போதும் பெரிசு முதலில், சின்னது பிறகு. அன்று மாற்றினார். சின்னதை வைத்து மேலாக இருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பிடுங்கி எடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் இரைச்சலில் அடியில் கிடப்பது பெரிசுக்குக் கேட்கும் என்பது கணக்கு. சாக்பீசால் அவர் குறி போட்டார், நான் உளியால் மரப்பட்டையைக் கொத்தினேன், அவர் குறட்டால் பிடுங்கினார்.

மரவாடி ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வோர் ஆணியும் ஒவ்வொரு பேய், இங்கே அவிழ்த்து விட்டால் யார் தலையில் ஏறுமோ என்று பயம். மணவாளன் என்னிடம் வந்தான். “மச்சான், அவரு ஒத்தக்கட்ட. நீ புள்ளகுட்டிக்காரன், தள்ளி நில்லு.” அண்ணன் அவர்களோடு சண்டை பிடிக்கவில்லை. பிடுங்குகிற ஆணியைக் கையோடு கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் நிற்கும் வேப்பமரத்தில் அடித்துவிடுகிறேன், வேண்டுமானால் கூட நின்று பாருங்கள் என்றார். அப்படியே செய்தார். அவரவர் பயம் அவரவருக்கு என்று என்னிடம் சொன்னார். ஆணியும் சுத்தியலுமாக அவர் வேப்பமரத்துக்கு நடந்ததைப் பார்த்துத்தான் அந்தப் பட்டப்பெயரை வைத்தார்கள்.

வியாழக்கிழமை பெரிய வட்டை மறுபடி மாட்டினார். கட்டை முழுக்க அமைதி. ரொம்பப் பழசையெல்லாம் துரு தின்றிருக்கும் என்றார். கிளை பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் உள்ளேயிருந்து மெல்லிய சத்தம். அந்த இடத்தை நான் வாய்ச்சியால் செதுக்கினேன். கொஞ்சம் செதுக்குவேன், அவர் சின்ன வட்டை வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி செதுக்குவேன். கடைசியில் சின்ன வட்டும் சத்தம் கொடுத்தது. நான் வாய்ச்சியை ஓங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போதும்.”

“இன்னும் ரெண்டு செதுக்கு செதுக்கினா கண்ணாலயே பாத்துடலாம்ணே.”

“பாத்து? அதுல முடி இல்லன்னா?”

வாய்ச்சியைக் கீழே வைத்தேன்.

மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அக்காவைக் கூட்டி வந்தார். கட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, கம்பை அவர் கையிலேயே கொடுத்தார். வட்டு சின்னது. பழக்கமில்லாத கையில் பெரிசு இருந்திருந்தால், கொஞ்சம் விலகினாலும் ரம்பச் சக்கரம், கட்டை தள்ளும் தண்டவாளம் எல்லாம் சேர்ந்து கத்தியிருக்கும். அக்கா வட்டை அந்த இடத்தில் வைத்தார். திடுக்கிட்டு எடுத்தார். ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தார், மறுபடி அங்கேயே வைத்தார். எத்தனை முறை வைத்து எடுத்தாரோ தெரியாது. இன்னொரு கை அதுவரை உச்சந்தலையிலேயே இருந்தது. மெதுவாக இறங்கி மடியில் கிடந்தது.

“நவுரலண்ணே” என்றார்.

“நவுராது.”

அன்றைக்கு அண்ணனின் தூக்குச் சோற்றை அக்காவே முழுக்கச் சாப்பிட்டார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாயங்காலம் அந்தத் துண்டை மட்டும் கைவாளால் இருபக்கமும் தள்ளி அறுத்துக் கொடுத்தேன். மாட்டு வண்டியில் ஏற்றிச் செம்மண்டலத்துக்குக் கொண்டு போனோம். மிச்சக் கட்டை மறுநாள் சூளைக்குப் போனது. வழியில் நான் கேட்டேன்.

“அது அக்காவோடதுதானாண்ணே?”

“யாருக்குத் தெரியும். எந்த ஊட்டுப் பொண்ணோடதோ.” கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். “உள்ள ஒண்ணு இருக்குது. அவளுக்கு அது போதும்.”

இதைத்தான் என்னால் வெளியே சொல்ல முடியவில்லை. சொன்னால் அக்கா காதுக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மரவாடி மூடியிருக்கும். அண்ணன் முதலாளியிடம் சொல்லிவிட்டு, பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார். அக்கா கொல்லையில் கிடந்த கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கேட்பார். அது இருந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் எழுந்து அடுப்பு வேலைக்குப் போய்விடுவார். வாரா வாரம் பேயை எண்ணப் போகிறான் என்று மரவாடியில் சிரித்தார்கள். நான் ஒரு தடவை மணவாளன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அண்ணன் வந்து விலக்கிவிட்டார். அவனுக்குப் பதில் சொல்லப் போனால் தனத்தைப் பற்றித்தானே சொல்ல வேண்டும், விடு என்றார்.

அறுபத்தெட்டு மழைக்காலத்தில் ஈரல் வீங்கிப் படுத்தார். ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்த அன்று, கஞ்சி கொண்டுவர அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் கையசைத்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரல் இறங்கிப் போயிருந்தது.

“கொளஞ்சி, ஞாயித்துக்கெழம பொட்டிய எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போ. சின்ன வட்ட மாட்டிக்கிட்டுப் போ. பெரிசு வாணாம், சன்னல் கம்பி, பாத்திரம் எல்லாம் சேந்து கத்தும், பயந்துடுவா.”

சரி என்றேன். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னார்.

“கம்ப நீ புடிக்காத. அவ கையில குடு. அவளே வச்சுப் பாக்கட்டும்.”