பிராங்கிளின் நிறுத்தாத அடி

எங்கள் பேண்டுக்கு ஜங்ஷன் என்று பெயர். சொந்தப் பாட்டை மட்டுமே பாடுகிற ராக் பேண்ட் திண்டுக்கல்லில் எங்களை விட்டால் கிடையாது. சினிமாப் பாட்டு கேட்டுத் துண்டுச் சீட்டு அனுப்புகிறவர்களுக்கு மேடையிலேயே ஒரு கும்பிடு போட்டுவிடுவேன், பாடுகிறவள் நான்தானே. போனில் தேடிப் பார்த்து யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. மேடை மேடையாக ஏறி வாங்கிய பெயர் இது.

அதில் பாதி பிராங்கிளினுடையது. டிரம்ஸ் அடிக்கிறவன், மாரம்பாடிக்காரன். சர்ச்சில் அடித்துப் பழகியவன். பகலில் பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை. வாய் பேசாது, ஆனால் கை அடங்காது. கூட்டம் ஆடுவதைப் பார்த்துவிட்டால் நாலு நிமிடப் பாட்டை ஏழு நிமிடத்துக்கு இழுத்துவிடுவான். கிதார் வாசிக்கிற நியாஸ்தான் எங்களுக்குத் தலைவன். அவனுக்கு இது ஆகவே ஆகாது.

கோயம்புத்தூரில் பெரிய மேடை ஒன்று கிடைத்தது. அங்கே நிமிடக் கணக்கு. நியாஸ் மதுரையில் வேறொரு டிரம்மரைப் பேசிவிட்டு, அதற்கு முன்னால் இருந்த சாணார்பட்டிக் கச்சேரியோடு நின்றுகொள் என்று பிராங்கிளினிடம் முகத்துக்கு நேரே சொன்னான். அவன் சரியென்று மட்டும் சொன்னான். நானும்தான் மண்டையை ஆட்டினேன். மகா நல்லவள் என்று யாரும் என்னை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊர். அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் ஆறு மணிக்கு, அம்மனுக்கு நேர் எதிரே மேடை. இரண்டாவது பாட்டின் நடுவில் பிராங்கிளின், சாமியை வரவழைக்கிற பம்பை அடியை நுழைத்தான். வேறு ஊரென்றால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். சாமிக்கு முன்னால், அதுவும் முளைப்பாரி எடுத்த நாளில், அதை அடிக்கலாமா? புத்தி வேண்டாம்? முன்வரிசையில் இருந்த ராக்கம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது.

அந்த ஊரில் வருசா வருசம் சாமியாடுகிறவர் அவர். முடி அவிழ ஆடத் தொடங்கினார். நாலு நிமிடம் ஆனதும் நியாஸ் வழக்கம்போலக் கையைத் தூக்கிப் பாட்டை முடித்தான். கோயில் கமிட்டித் தலைவர் வீரப்பன் மேடைக்குக் கீழே ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அடிய நிறுத்திராதீக அப்பு. சாமி மலையேறணும்.”

சாமி இறங்கிப் போகுமுன் ஆட்டத்தின் நடுவில் அடி நின்றுவிட்டால் ஊருக்கு ஆகாது என்பார்கள். ஆடுகிறவர் உடம்பும் தாங்காது. பிராங்கிளினுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் நிறுத்தியிருந்தால்தானே! இருபத்தைந்து நிமிடம் ஒற்றை ஆளாக அடித்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ராக்கம்மாளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் வேகம் எடுத்தால் இவனும் எடுத்தான், அவர் தளர்ந்தால் இவனும் தளர்ந்தான். நியாஸ் கிதாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். பூசாரி திருநீறு பூசி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அந்த அம்மா தரையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்ட பிறகுதான் கடைசி அடி விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒருத்தனை அனுப்பவா தலையாட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

வீரப்பன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மேடையேறினார். அடுத்த திருவிழாவுக்கு ஆளை அன்றைக்கே சொல்லி வைப்பது அவர்கள் முறை. நியாஸ் கையை நீட்டினான். அவர் அவனைத் தாண்டிப் போய்ப் பிராங்கிளினிடம் தட்டை நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. “அடுத்த வருசம் நான் இந்த பேண்டுல இருக்க மாட்டேங்கய்யா. இன்னிக்கோட கடைசி,” என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீரப்பன் எங்களைப் பார்த்தார். நியாஸ்தான் வாயைத் திறந்தான்.

“இருப்பான்யா. ஏலே, தட்ட வாங்கு. கோயம்புத்தூருக்கும் நீதான் வாரே.”

அப்போதும் பிராங்கிளின் கையை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினான்.

“ஸ்ரீமதியக்கா, அன்னிக்கு நீங்களும்தான தலையாட்டுனீக. நீங்க சொல்லுங்க.”

“நீ அடிச்சாத்தான்டா நான் பாடுவேன்,” என்றேன். கையிலிருந்த மைக்கை அணைக்கவில்லை, ஊருக்கே கேட்டது.