இஞ்ஞாசியின் நீர்நாய்

குடகனாற்றுப் பாறையில் கிடக்கும் நீர்நாய் எச்சத்தைக் குச்சியால் கிளறி, மோந்து பார்த்த பிறகுதான் இஞ்ஞாசி பல் துலக்குவார். "ராத்திரி கெளுத்தி மீனு தின்னுருக்கு" என்று சொல்லிவிட்டு வேப்பங்குச்சியை வாயில் வைப்பார். கிளறும் குச்சி இடக்கையில், பல்குச்சி வலக்கையில். இதுவரை மாறியதில்லை.

பிறந்தது சாணார்பட்டி. பிழைப்பு இந்த ஆறு. வலையைக் கிழிக்கிறதென்று நீர்நாய்களை அடித்துக் கொன்றவர், விலங்கியல் பேராசிரியர் கண்ணுசாமி வந்த பிறகு அவருடைய ஆராய்ச்சிக்காக அவற்றை உயிரோடு பிடித்துக் கொடுக்கிறார். கூண்டில் சிக்கியது சீறினால் ஈரச்சாக்கைப் போர்த்தி, "அழுவாத தாயி, செத்த நேரந்தேன்" என்று கொஞ்சுவார். மனைவி செபாஸ்தியம்மாளுக்கு அதைக் கேட்டால் பொறுக்காது. "என்னைய ஒரு நாளாச்சும் தாயின்னு கூப்புட்டிருக்கீகளா?"

இஞ்ஞாசிக்குப் பொறுக்காதவர் அப்துல் கையூம். திண்டுக்கல்லில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பேராசிரியர் கேட்டுக்கொண்டதால் தீப்பெட்டியளவு ரேடியோ ஒன்றைச் செய்து, மெழுகு பூசி, வாரில் கோத்து, ஒரு பெண் நீர்நாயின் மார்பில் கட்டிவிட்டார். அது போகுமிடமெல்லாம் கையூமின் பெட்டியில் டிக் டிக் என்று கேட்கும்.

"நான் மோந்து சொன்னா, பேராசிரியரு அப்புடியாங்குறாரு. இவன் பொட்டி கத்துனா எந்திரிச்சு ஓடுறாரு" என்றார் இஞ்ஞாசி, பத்திரிகைக்கு எழுதப் போயிருந்த என்னிடம். புகைப்படம் எடுத்தபோது கையூமை மறைத்துக்கொண்டு நின்றவரும் இவர்தான்.

நான் போயிருந்த அன்று காலை கையூம் பதறி வந்தார். "நேத்திலேருந்து சத்தம் ஒரே எடத்துலேருந்து வருதுங்கய்யா. என்னமோ ஆயிருச்சு."

"வயிறு நெறஞ்சு தூங்குது. பொட்டிக்கு என்ன தெரியும்?" என்றார் இஞ்ஞாசி. பேராசிரியர் இருவரையும் பார்த்துவிட்டு, கையூமின் பின்னால் நடந்தார். இஞ்ஞாசி வேண்டுமென்றே பின்தங்கி வந்தார்.

கரையோர மருதமர வேர்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வார் வேரில் மாட்டி, மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, நீர்நாய் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி இடுப்புக் கத்தியை உருவினார். அடுத்த நொடி சட்டையோடு குதித்துவிட்டார்.

"வாரை அறுத்துருங்க இஞ்ஞாசி! ரேடியோ போனாப் போகட்டும்!" என்று கத்தினார் பேராசிரியர்.

"தாயி, தாயி" என்று சொல்லிக்கொண்டே இஞ்ஞாசி அறுத்தார். தாயி அவர் உள்ளங்கையைக் கடித்துவிட்டு ஆழத்துக்குப் பாய்ந்தது. கொஞ்சதூரம் தள்ளித் தலைதூக்கி, ஒருமுறை சீறிவிட்டு மறைந்தது.

கரையேறியவர், மீட்டு வந்த ரேடியோவைக் கையூமிடம் கொடுத்தார்.

"இந்தப் பெட்டி இல்லேன்னா செத்திருக்கும்" என்று கையூமின் தோளைத் தட்டினார் பேராசிரியர்.

கையூமோ ரேடியோவைப் பார்க்கவில்லை. "அண்ணே, ரத்தம் ஊத்துது. கையைக் குடுங்க" என்று கைக்குட்டையை உதறிக்கொண்டு வந்தார்.

இஞ்ஞாசி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மணலில் ரத்தம் சொட்டியது. பேராசிரியர் திரும்பிப் பார்த்து, "ஐயோ, எங்கே காட்டுங்க" என்று அருகில் வந்ததும், விரல்களை நன்றாக விரித்து அவரிடம் நீட்டினார்.