காய்கிற நாள்

எங்கள் கடையில் எல்லோரும் அவரைத் தவளை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். காலில் ரப்பர்த் துடுப்பை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பலகைமேல் அவர் எட்டு வைத்து வருவதைப் பார்த்த யாருக்கும் வேறு பெயர் தோன்றாது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளும் இல்லை. பயணிகளிடம் அவரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார். முதல் தடவை ஸ்கூபாவுக்கு வருகிறவர்கள் பாதிப் பயத்தை அந்தச் சிரிப்பிலேயே விட்டுவிடுவார்கள். மீதியை அவர் தண்ணீருக்குள் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொள்வார்.

இருபத்தொரு வருடமாக இந்தத் தீவில் ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் அவர் வேலை. நான் கவுண்டரில் இருப்பவள். முகத்துக்கு ஏற்ற மாஸ்க் எடுத்துக் கொடுப்பது, படிவம் நிரப்ப வைப்பது, எந்தப் படகில் யார் என்று பலகையில் எழுதுவது, டைவ் உடைகளை நல்ல தண்ணீரில் அலசிப் போடுவது எல்லாம் நான்தான். வாயும் எனக்குக் கொஞ்சம் அதிகம். முதலாளியையே எதிர்த்துப் பேசுவேன். பெரும்பாலும் தவளை அண்ணனுக்காகத்தான் பேசியிருக்கிறேன். அதில் நான் எவ்வளவு பெரிய ஏமாளியாக இருந்தேன் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. முதுகில் சிலிண்டர் மாட்டி, அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு கடலுக்கு அடியில் போய்வந்தவர் உடனே விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்து தங்கிய வாயு, உயரத்தில் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், மூளையைக்கூடப் பிடிக்கும். எங்கள் கடையில் முழுதாக ஒரு நாள் விடவேண்டும். அதைக் காய்கிற நாள் என்போம். ஒருவர் ‘இன்னைக்கு நான் காயுறேன்’ என்றால் மறுநாள் அவருக்கு விமானம் என்று அர்த்தம். ஸ்னார்க்கல் குழாயை வாயில் வைத்து மேலே மிதப்பதற்கும், மூச்சைப் பிடித்துக் குதித்து ஏதாவது எடுத்துவருவதற்கும் இந்தச் சட்டம் கிடையாது. சிலிண்டர் மாட்டினால்தான் வம்பு. இதைத் தினமும் காலையில் பயணிகளுக்கு விளக்குபவர் தவளை அண்ணன். ஒரு புது மாப்பிள்ளை மறுநாள் டிக்கெட்டை மறைத்துவிட்டு டைவுக்கு வந்தது பாதி வழியில் தெரிந்தபோது, படகைத் திருப்பச் சொல்லி, அவரைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

அண்ணனுக்கு ஒரே மகள். மனைவி காய்ச்சலில் போய்ச்சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது. கடல் தாண்டியிருந்த அண்ணனின் அக்கா வந்து, பள்ளிக்கூடம் உள்ள ஊரில் பிள்ளை வளரட்டும் என்று கூட்டிப்போனார். நல்ல மனுஷி. தன் இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவதாக வைத்து வளர்த்தார், நர்ஸ் படிப்பும் படிக்கவைத்தார். அண்ணன் ஆரம்பத்தில் வருடம் ஒருமுறை போய்வந்தார். அப்புறம் அதுவும் நின்றுபோனது. கல்லூரியில் சேர்த்த நாள், பட்டம் வாங்கிய நாள், அக்கா வீட்டு விசேஷங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விடுப்பு சொல்லுவார், பெட்டி கட்டுவார். காய்கிற நாளன்று ஏதாவது ஒன்று வந்து தொலையும். நங்கூரம் பாறையில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு வழிகாட்டி காது அடைத்துக்கொண்டு இறங்கமுடியாமல் நிற்பார். அண்ணன் இறங்குவார், மறுநாள் விமானம் அவர் இல்லாமல் போகும்.

ஒவ்வொரு முறையும் நான் முதலாளி அறைக்குள் போய்க் குதிப்பேன். மனுஷனை இப்படியா கட்டிப்போட்டு வைப்பது, அவருக்கும் குடும்பம் இல்லையா என்று கேட்பேன். தான் இறங்கச் சொல்லவே இல்லை என்று முதலாளி சொல்வார். பூசி மெழுகுகிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவேன்.

போன மாதம் அந்தப் பெண்ணுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வரமுடியாது. வெள்ளிக்கிழமை பயணம். எங்கள் தீவிலிருந்து விமானம் புதன், சனி இரண்டே நாள். ஆகவே அண்ணன் புதன்கிழமை போயே தீரவேண்டும், செவ்வாய்க்கிழமை காய்ந்தே தீரவேண்டும். இந்தத் தடவை விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைப் பலகையில் அவர் பெயரே இல்லாமல் எழுதினேன். முதலாளியும் போய்வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

காய்கிற தவளையைக் கடையில் வைத்து மேய்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் அளவு பார்த்து அடுக்கிய மாஸ்க்குகளை நிறம் பார்த்து அடுக்கினார். நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவுக்கு எண்ணெய் விட்டார், அது அதற்கப்புறம் மூடவில்லை. பெட்டியைத் திறந்து மகளுக்கு வாங்கியதைக் காட்டினார். தண்ணீர் புகாத டார்ச் விளக்கு. ஆஸ்பத்திரியிலும் கடல் இருக்கிறதா அண்ணே என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பெட்டியை மூடினார்.

மூன்று மணிக்கு ஸ்னார்க்கல் படகு திரும்பியது. ஏணியில் ஏறும்போது ஒரு பயணியின் மாஸ்க் நழுவிப் படகுத்துறை முனையில் விழுந்துவிட்டது. அங்கே ஆழம் நான்கு மீட்டர். தண்ணீர் தெளிவு, மேலிருந்து பார்த்தாலே மாஸ்க் தெரிந்தது. படகோட்டி சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கப்போனார். தவளை அண்ணன் அவரைக் கையமர்த்திவிட்டுக் கடைக்குள் வந்தார். என்னைத் தாண்டிப்போய்ச் சிலிண்டர் ஒன்றைத் தூக்கித் தோளில் மாட்டினார். எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. உறைத்து நான் ஓடிப்போவதற்குள் பலகைக்குக் கீழே குமிழி வந்துகொண்டிருந்தது.

அரை நிமிட வேலைக்கு அவர் எட்டு நிமிடம் கீழே இருந்தார். மேலே வந்து மாஸ்க்கை அந்தப் பயணியிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டு, நாளை விமானம் என்பதே மறந்துபோய்விட்டது என்றார். நடிப்பு அவருக்குச் சுத்தமாக வரவில்லை.

விஷயம் தெரிந்து முதலாளியே வந்தார். நான்கு மீட்டர், எட்டு நிமிடம், ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போ என்று சொன்னார். தவளை அண்ணன் அசையவில்லை. ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா என்று கேட்டார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் அவரிடம் நான் போட்ட சண்டையெல்லாம் அந்தப் பார்வையில் திரும்பி வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

காற்று நிரப்பும் அறையில் அவரைப் பிடித்தேன். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன்.

“அண்ணே, மூச்சைப் பிடிச்சுப் போயிருந்தா நாளைக்கு நீங்க விமானத்துல. இது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அந்த நங்கூரம், அந்தக் காதடைப்பு, எல்லாமே இதுதானா?”

முதல் இரண்டு தடவை நிஜம் என்றார். மூன்றாவது தடவை நங்கூரம் தானாகவே கழன்றுவிட்டதாம். அவர் சும்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே வந்தாராம். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை பேரைக் கைப்பிடித்து இருட்டுக் குகைக்குள் கூட்டிப்போன மனுஷர், திருடிப் பிடிபட்டவர்போல் நின்றார்.

“அங்க போனா நான் யாருன்னு எனக்கே தெரியல, தங்கச்சி. போன தடவை அவ எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா, விருந்தாளிக்கு வைக்கிற கண்ணாடி டம்ளர்ல. மத்தவங்களுக்கெல்லாம் எவர்சில்வர். அவங்க அத்தையும் மாமாவும் வழியனுப்புவாங்க. வளத்தவங்க அவங்கதானே. நான் போய்க் கூட்டத்துல நிக்கணும், அவ்வளவுதான். நான் வரலேன்னா அவளுக்கு ஒரு குறையும் இல்ல.”

வரவில்லை என்பதையாவது இன்றைக்கே ஃபோனில் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லிவிடுகிறேன் என்றார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது சொல்லிவிட்டேன் என்றார்.

புதன்கிழமை பத்து மணிக்கு விமானம் கடைக்கு மேலே பறந்துபோனது. தவளை அண்ணன் தலை நிமிராமல் உடைகளை அலசிக்கொண்டிருந்தார். அது என் வேலை, பிடுங்கிக்கொண்டு செய்தார். பதினொன்றேகாலுக்குக் கவுண்டர் ஃபோன் அடித்தது. அவர் மகள். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து படிவங்களில் கிறுக்கிய பெண், குரல் எப்போதும் எனக்குத் தெரியும்.

“அக்கா, அப்பா ஃபோன் அணைஞ்சிருக்கு. நான் விமான நிலையத்துல நிக்கிறேன். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அவரு உள்ள பெட்டிக்காக நிக்கிறாரோ?”

கையாலேயே அண்ணனைக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் பழைய பாட்டையே பாடினேன். நேற்று ஒருவரின் மாஸ்க் விழுந்துவிட்டது, அப்பா இறங்க வேண்டியதாகிவிட்டது என்றேன். எங்கே விழுந்தது என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பொய் வரவில்லை, படகுத்துறை முனையில் என்று சொல்லிவிட்டேன்.

“அங்க நான் ஏழு வயசுலயே குதிச்சுக் கல்லு எடுத்திருக்கேன்கா,” என்றாள். “அப்பாகிட்ட குடுங்க.”

நான் போய் அவர் கையிலிருந்த உடையை வாங்கிக்கொண்டு ஃபோனைத் திணித்தேன். பழைய ஃபோன், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். நான் நகரவில்லை, நகரத் தோன்றவும் இல்லை.

“சிலிண்டர் போட்டீங்களாப்பா?”

“போட்டேன்.”

“எதுக்கு?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நங்கூரம், காது என்று வழக்கமாகச் சொல்வது எதுவோ வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார், ஃபோனை மறு கைக்கு மாற்றினார்.

“பயமா இருந்துச்சும்மா,” என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அவளும் கேட்டிருக்கமாட்டாள். அவள் குரல் அழுகை இல்லாமல் களைத்துப்போயிருந்தது.

“வெள்ளிக்கிழமையை நெனச்சா எனக்கும்தான் பயமா இருக்கு. அத்தைகிட்ட சொன்னா போகவே வேணாம்னு சொல்லிடுவாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னுதான் உங்களை வரச் சொன்னேன்.”

“அம்மா, அம்மா” என்று அவர் மகளை இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் வைத்துவிட்டிருந்தாள். அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அடுத்த விமானம் என்றைக்கு என்று என்னைக் கேட்டார். இருபத்தொரு வருடமாக ஊரெல்லாம் கேட்டு அவர் பதில் சொன்ன கேள்வி. சனிக்கிழமை என்றேன்.