சால்மன் ஆற்றில் வழி விட்ட அம்மா

அம்மா பீளமேட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். ஓய்வு பெறும்வரை வருடம் தவறாமல் சால்மன் மீனின் பயணத்தைப் பாடமாக எடுத்தவர். வடக்கு நாடுகளின் குளிர்ந்த ஆறுகளில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றையே மறுபடி தேடி வரும் மீன். அது அருவியை எதிர்த்துத் தாவுவதையும், ஆற்றுக்குள் நுழைந்த பிறகு ஒன்றுமே தின்னாமல் கிடப்பதையும் அம்மா சொல்லும்போது கடைசி பெஞ்சும் கைபேசியைக் கீழே வைத்துவிடும். நான் அதே கல்லூரியில் வேறு துறையில் படித்தேன். வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஜன்னலோரம் நின்று அந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அம்மா அந்த மீனை உயிரோடு பார்த்ததே இல்லை. படத்தில் பார்த்ததும், கண்ணாடிக் குடுவையில் ஊறியதும்தான். ஓய்வு பெற்ற அன்று, மாலைகளும் பொன்னாடைகளும் காரின் பின் சீட்டில் குவிந்து கிடக்க, துடியலூர் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். "இனி என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"ஒரே ஒருக்கா அந்த மீனைத் தொட்டுப் பாக்கோணும் கண்ணு. பண்ணைல வளக்கறது வேண்டாம். தானா ஆத்துக்குத் திரும்பி வாரது."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊருல எல்லாரும் ரிட்டயர் ஆனா காசிக்குப் போறாங்க. உங்கம்மா நார்வேக்கு மீன் புடிக்கப் போறாங்களாமா."

"புடிக்க இல்லீங்க. பாக்க."

"புடிச்சாத்தான பாக்க முடியும்? தண்ணிக்குள்ளாற எட்டிப் பாத்தா, வாங்க டீச்சர்னு கூப்புடுமா?"

அப்பா சொன்னது கேலிதான் என்றாலும் அதில் விஷயம் இருந்தது. அன்று ராத்திரியே நான் தேட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் அப்புறம் சோறு இறங்காது. ஆபீஸில் கம்ப்யூட்டர் கோடு எழுதிக்கொண்டே இன்னொரு திரையில் நார்வே ஆறுகள் ஓடின. வலை போட்டு, இரை மாட்டிப் பிடிக்கும் வேலையெல்லாம் அங்கே இல்லை. ஃப்ளை ஃபிஷிங். கொக்கியில் இறகும் முடியும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி ஒன்று இருக்கும். அதற்குக் கனமே கிடையாது. கனம் எல்லாம் லைன் என்கிற தடித்த தூண்டில் கயிற்றில்தான். ஆளைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள கழியை இரண்டு கையாலும் பிடித்து, அந்த லைனைத் தண்ணீர் மேல் சுழற்றி வீச வேண்டும். வழிகாட்ட ஆறு தெரிந்த ஒரு கைடு உடன் வருவார். பிடித்ததைக் காயப்படாமல் திரும்ப விட்டுவிடலாம். இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டியதும் அம்மா சம்மதித்துவிட்டார்.

பயிற்சிக்குக் கல்லூரி மைதானம் கிடைத்தது. உலர்ந்த புல்லில் லைன் பிடிமானம் இல்லாமல் நழுவுகிறது என்பதால், காலையில் மைதானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் பார்த்துப் போவோம். கொக்கிக்குப் பதில் ஒரு துண்டு சிவப்பு உல்லன் நூல். அம்மா சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கழியைத் தூக்கி, பின்னால் ஒரு வட்டம் போட்டு முன்னால் அனுப்புவார். வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

"ஏனுங் மேடம், மழையே பெய்யலீங்க. மீன் எங்கிருந்துங்க வரும்?"

"வரும்ங்க. நீங்க வாளி ஒண்ணு எடுத்து வெச்சிருங்க" என்பார் அம்மா, லைனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் வீச்சு தூரம் போகும், ஆனால் கோணல். அம்மாவுடையது கிட்டத்தில்தான் விழும். ஆனால் அந்தச் சிவப்பு நூல் புல் மேல் சத்தமில்லாமல் உட்காரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆடி மாதத்தில் நானும் அம்மாவும் மட்டும் நார்வேக்குக் கிளம்பினோம். எங்கள் கைடு என் வயதுப் பெண். குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள், கோடையில் ஆற்றில் நிற்கிறாள். முதல் வேலையாக எங்கள் பூட்ஸ், கழி, லைன் எல்லாவற்றையும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தாள். வேறு தண்ணீரிலிருந்து ஒட்டுண்ணி வந்துவிட்டால் ஆற்று மீனே அழிந்துவிடுமாம். அம்மாவுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. "லேபுக்குள்ள போற மாதிரியே இருக்குது பாரு."

ஆற்றை அவள் படிக்கும் விதத்தை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத் தெரிந்தது. அவளோ மேலே ஒரு சுருக்கத்தைக் காட்டி, அதன் அடியில் ஒரு பாறை, பாறைக்கு முன்னால் நீர் மெதுவாகிற ஓர் இடம், களைத்து வரும் மீன் அங்கேதான் நின்று இளைப்பாறும் என்பாள். அம்மாவோடு இறங்கும்போது ஒரு கையால் அம்மாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, நீரின் வேகம் அம்மா காலில் அடிக்காதபடி மேல்பக்கம் தான் நிற்பாள். மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டைக்குள் அம்மா ஒரு மூட்டையைப் போலிருந்தார். "பவானியிலகூட முட்டிக்கு மேல எறங்குனதில்ல கண்ணு. இங்க வந்து நெஞ்சு மட்டும் நிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் மீன் தேடியது ஒரு மடுவில். மேலே சலசலப்பாக நுழையும் நீர், நடுவில் ஆழ்ந்து இருண்டு, கீழே மறுபடி மெலிந்து ஓடும். மடுவின் தலையில், நீர் நுழையும் மேல்முனையில், இறங்க வேண்டும். ஒரு வீச்சு, பொய்ப்பூச்சி நீரோடு வளைந்து கரைக்கு வரும்வரை காத்திருப்பு, கீழ்நோக்கி ஓரிரு எட்டு, மறுபடி வீச்சு. இப்படியே நகர்ந்து நகர்ந்துதான் மீன் நிற்கும் ஆழத்துக்கு வர முடியும். இன்னொருவர் வந்தால் முன்னே இருப்பவரைத் தாண்டக் கூடாது. மேலே, அவருக்குப் பின்னால் இறங்கி வரிசையாக வர வேண்டும். எழுதி வைக்காத சட்டம். அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அம்மாவால்தான் அதை ஏற்க முடியவில்லை. தலையிலிருந்து பொறுமையாக வீசி வீசி, அந்த ஆழத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் என்கிற நேரத்தில், கரையில் யாராவது கழியோடு வந்து நிற்பார்கள். உடனே அம்மா லைனைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். "ப்ளீஸ், யூ கோ ஃபர்ஸ்ட்." வந்தவர் திகைத்துப் போய் வேண்டாம் என்பார். அம்மா விடமாட்டார். அவர் இறங்கிய பிறகு, தான் மறுபடி மடுவின் தலைக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவார். ஆழத்தை நெருங்கும்போது அடுத்த ஆள் வந்துவிடுவார். அம்மா மறுபடி கரையில். கரைக்கு வந்தவர்களுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த கச்சாயத்தையும் எடுத்து நீட்டுவார். வெல்லமும் அரிசிமாவும் எண்ணெயும் மணக்கும் அந்தப் பலகாரத்தைத் தின்றபடி நார்வேக்காரர் ஒவ்வொருவராக அம்மாவுக்கு முன்னால் ஆழத்துக்குப் போனார்கள்.

"அம்மா, அது நம்ம எடம்ங்க. சட்டமே அதுதான்."

"வந்தவங்க நின்னுட்டிருக்க, நாம மட்டும் வீசிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? ஊட்டுக்கு ஒறம்பற வந்தா நாம முந்தி உண்டுபோட்டு உக்காருவமா?"

"இது ஊடு இல்லீங்கம்மா. ஆறு."

"ஆத்துக்கு வந்தாலும் ஆளு ஆளுதான?"

இதற்கிடையில் என் பூச்சியை ஒரு மீன் கடித்தது. லைன் திடீரென்று உயிர் பெற்றுக் கையில் துடித்தது. நான் என் வழக்கப்படி, கண் மூடித் திறப்பதற்குள் கழியை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். தண்ணீர் ஒரு முறை கொப்பளித்தது. அவ்வளவுதான். கைடு தலையை ஆட்டினாள். சால்மன் கடித்ததும் ஒன்றும் செய்யக் கூடாதாம். அது திரும்பித் தன் இடத்துக்குப் போகும்போது தானே மாட்டிக்கொள்ளும். அதற்குள் இழுத்தால் கொக்கியை அதன் வாயிலிருந்து நாமே பிடுங்கிவிட்ட மாதிரிதான். சொல்வது சுலபம். அம்மா கரையிலிருந்து பார்த்தது அந்தக் கொப்பளிப்பை மட்டும். அன்று சாப்பிடும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு பெருசு இருந்துருக்கும்? முதுகாவது தெரிஞ்சுதா உனக்கு?" கடைசி நாள்வரை வேறெந்த மீனும் எங்களைத் தொடவில்லை.

கடைசி நாள் காலை, கைடு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் வாடியிருந்தது. "உங்க அம்மாவுக்கு நான் காட்டுற இடம் பிடிக்கலையா? இல்ல, தண்ணிக்குப் பயமா? நல்ல இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் வெளிய வந்துடறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளாக அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாளா? எங்கள் ஊரில் பேருந்தில் ஏறும்போதுகூட "நீங்க போங்க, நீங்க போங்க" என்று நின்று இரண்டு பேரும் பேருந்தை விட்டுவிடுவோம் என்று விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு அம்மாவிடமே போனாள்.

"அம்மா" என்றாள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் பிடித்து வைத்திருந்தாள். மீதி ஆங்கிலத்தில்தான். "நீங்கள் வெளியே வந்துவிட்டால், உங்களைத் துரத்திவிட்டோமோ என்று பின்னால் வந்தவர்களுக்கு இருக்கும். பேருக்கு இறங்குவார்கள். மனசு ஒட்டாது. நீங்கள் இறங்கிய மடுவை நீங்கள் முடிக்க வேண்டும். இங்கே அதுதான் அவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் இத்தன நாளா அவங்கள சங்கடப்படுத்திட்டு இருந்தனா?"

"கச்சாயம் தின்னவங்களுக்கு அவ்வளவா சங்கடம் இருக்காதுங்கம்மா."

அம்மா சிரிக்கவில்லை. கழியை எடுத்துக்கொண்டு மடுவின் தலைக்கு நடந்தார்.

வீச்சு, காத்திருப்பு, ஓரிரு எட்டு. கைடு இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தாள். நான் கரையில் ஒரு கல்லில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஆழத்தை நெருங்கும்போது, சொல்லி வைத்தது போல, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் பாதையில் வந்தார். அம்மாவைவிட மூத்தவர், ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் தூண்டில் கழி. அம்மா திரும்பிப் பார்த்தார். கால் தன்னால் கரைப்பக்கம் ஓர் எட்டு வைத்துவிட்டது. கைடு பட்டையை விடவில்லை. பெரியவர் கரையில் கிடந்த பலகையில் உட்கார்ந்து, நிதானமாகக் காப்பி ஊற்றிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அவசரமில்லை என்கிற மாதிரி. அம்மா அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் அம்மா செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வீசினார். பூச்சி சத்தமில்லாமல் உட்கார்ந்து, நீரோடு வளைந்து, அந்த இருட்டுக்குள் போனது. நின்றது. அம்மாவின் விரல்களுக்கிடையில் லைன் மெல்ல நகரத் தொடங்கியது. நானாக இருந்தால் இழுத்திருப்பேன். அம்மா சும்மா நின்றார். பிடுங்கிக்கொள்வது அவருக்குத் தெரியாது. எடுத்துக்கொள்ள வந்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தார்.

"ஏனுங்" என்றார் கைடிடம், தமிழில். "ஏதோ போற மாதிரி இருக்குதுங்களே."

அதற்குள் லைன் சுற்றிய ரீல் கத்த ஆரம்பித்துவிட்டது. கழி வில்லாக வளைந்தது. மடுவின் நடுவில் ஒரு வெள்ளிப் பாளம் நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, குறுக்கே விழுந்தது. நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. ஓடும்போது ஓட விடு, நிற்கும்போது சுருட்டு என்று கைடு காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். மீன் போனபோதெல்லாம் அம்மா விட்டார். அது களைத்தபோது சுருட்டினார். வாய் "சித்தெ பொறு சாமி, சித்தெ பொறு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. தன்னிடம் சொன்னாரா மீனிடம் சொன்னாரா தெரியவில்லை.

கரையோரத்துக்கு வந்ததும் கைடு அதைக் கைவலைக்குள் வாங்கி, நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொக்கியை எடுத்தாள். அம்மா மண்டியிட்டார். கையை நனைத்துக்கொண்டு, வாலின் அடிப்பகுதியை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் தாங்கினார். நான் குனிந்து பார்த்தேன். கருநீல முதுகு, பக்கமெல்லாம் புது வெள்ளி. வாலுக்குக் கொஞ்சம் மேலே அரிசியளவு பழுப்புப் பூச்சிகள் ஒட்டியிருந்தன.

"கடல் பேன்" என்றார் அம்மா. "பாரு கண்ணு, ஆத்துத் தண்ணி பட்டா உழுந்துடற பேனு இன்னும் உழுகல. கடல்ல இருந்து இப்பத்தான் உள்ள வந்துருக்குது. இதுக்குப் பசியே கெடையாது. அப்புறம் எதுக்கு இந்தப் பூச்சியக் கடிச்சுதுன்னு ஆருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

செவுள் திறந்து மூடியது. அம்மா நீரின் ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பிப் பிடித்தார். வால் ஒருமுறை முறுக்கியது. கை தானாக விரிந்தது. மீன் அம்பாகப் பாயவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல்லுக்குப் பின்னால் போய் நின்று மூச்சு வாங்கியது.

எழுந்திருக்கலாம், தண்ணீரில் உடம்பு சில்லிட்டுவிடும் என்றாள் கைடு.

"சித்தெ இருங்க. அது நிக்குதுங்க" என்றார் அம்மா.

நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. பலகையில் இருந்த பெரியவரும் எழுந்து, கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நீர் விளிம்பிலேயே நின்றார். கடைசியில் கல்லுக்குப் பின்னால் ஒரு நிழல் நீண்டு, ஆழத்தின் பச்சையில் கரைந்தது.

"போயிருச்சு" என்றார் அம்மா.

அதன் பிறகுதான் பெரியவர் மடுவின் தலைக்குப் போய்த் தண்ணீரில் கால் வைத்தார்.